கிற்றார் கழுத்தில் ஐயாவின் பொத்தான்கள்

கரம்பொன்னில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களே, இப்போது பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறீர்கள். மீதிப்பேர் முழங்கால் நோவுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கைபேசிக் குழுவில் விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். போன மாதம் நீங்கள்தான் கேட்டீர்கள்: கோயில் மண்டபத்தில் பழைய மூப்பர்மாரின் படங்களை மாட்டப்போகிறோம், உன் ஐயாவைப் பற்றி நாலு வரி எழுதித் தா, படத்துக்குக் கீழே போடவேண்டும் என்று. நாலு வரிதானே என்று நானும் ஓமென்றுவிட்டேன். ‘நேர்மையானவர்’ என்று எழுதினேன். வெட்டினேன். ‘கோயிலுக்காகவே வாழ்ந்தவர்’ என்று எழுதினேன். அதையும் வெட்டினேன். ‘இன்ன ஊரில் பிறந்தார்’ என்பதோடு பேனை நின்றுவிட்டது.

ஆகவே நாலு வரிக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். படத்தை மாட்டுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கீழே என்ன போடுவது என்பதை மட்டும் இதை வாசித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

வெளியூரில் பிறந்த உங்கள் பிள்ளைகள் இதை வாசித்தால் மூப்பர் என்றால் யார் என்று கேட்பார்கள். எங்கள் வேதக் கோயிலில் பூசை வைக்கிற சுவாமி இல்லாத நேரத்தில் முன்னால் நின்று செபம் சொல்லுவிப்பவர், திருநாளுக்கு வரி சேர்ப்பவர், கோயில் சாவிகளை, எங்கள் பேச்சில் திறப்புகளை, வைத்திருப்பவர். ஐயா கோயிலுக்கு மூப்பர், கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மனேச்சர். இரண்டு இடத்துத் திறப்பும் ஒரே வளையத்தில் அவரின் இடுப்பில் தொங்கும். அவர் ஒழுங்கையில் வரும்போது ஆளுக்கு முன்னால் அந்தச் சத்தம் வரும். அரிசிக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற காலம் அது. சங்கக்கடை மனேச்சரையும் மூப்பரையும் ஒரே ஆளாகப் பெற்ற ஊரில் அந்த ஆளை எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்?

எங்கள் வளவுக்குப் பின்னால் ஒரு மண்வீடு இருந்தது. அங்கே இருந்தவரை நான் பின்வளவு மாமி என்று கூப்பிடுவேன். புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். பனையோலையில் பாயும் பெட்டியும் இழைத்து விற்று ஒரே மகனை வளர்த்தார். அந்த மகன் ஐயாவின் சங்கக்கடையில் சீனி நிறுக்கிற வேலை பார்த்தார். எனக்கு அவர் பின்வளவு அண்ணை. அப்போது எனக்குப் பத்து வயது, அவருக்கு இருபத்திரண்டு இருக்கலாம். வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டை மாற்றிய கையோடு அதற்குள்ளால் போய்விடுவேன்.

அங்கே போனதற்குக் காரணம் கிற்றார். ஊர்காவற்றுறைக்கு வந்துபோகிற கப்பல்காரர் ஒருவரிடம் அண்ணை வாங்கிய பழைய கிற்றார். அதன் வயிற்று ஓட்டையில் மூக்கை வைத்தால் சுருட்டும் பழைய மரமும் மணக்கும். ஒரு பக்கம் வெடித்து, யாரோ தார் பூசி அடைத்திருந்தார்கள். அண்ணை யாரிடமும் பழகவில்லை. வானொலியில் கேட்டுக் கேட்டுத் தானாகக் கண்டுபிடித்தவர்.

கிற்றாரின் கழுத்தில் விரல் வைக்கிற பலகை கறுப்பாக இருக்கும். அதன் குறுக்கே வரிசையாகப் பித்தளைக் கம்பிகள். சில கம்பிகளுக்கு நடுவே மட்டும் வெள்ளைப் புள்ளி பதித்திருப்பார்கள். கை மேலும் கீழும் ஓடும்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்று கண்ணுக்குக் காட்டுவது அந்தப் புள்ளிதான். தேர்ந்த ஆளுக்கு அது தேவையில்லையாம். அண்ணை தேர்ந்த ஆள் இல்லை, பார்த்துத்தான் கை வைப்பார். அந்தக் கிற்றாரில் இருந்தவை பிளாஸ்ரிக் புள்ளிகள். எங்கள் வெக்கைக்கும் உப்புக் காற்றுக்கும் பசை விட்டு ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துவிட்டன. வெறும் குழிகள்தான் மிஞ்சின.

அண்ணை அந்தக் குழிகளில் மெழுகுதிரியை உருக்கி விட்டார். அந்த முறை பாலன் பிறந்த நத்தார்ப் பூசைக்குத்தான் கோயிலில் முதன்முதலாகக் கிற்றார் வாசிக்க விட்டார்கள். புதிதாக வந்த இளம் சுவாமி கொடுத்த இடம் அது. சனம் நிறைந்த கோயில், எரிகிற மெழுகுதிரிகள், அண்ணையின் வியர்த்த கை. மெழுகு இளகிப் பலகையெல்லாம் இழுபட்டுவிட்டது. இரண்டாவது பாட்டில் அவரின் கை ஒரு கட்டை தள்ளி விழுந்தது. பாடகர் ஒரு சுருதி, கிற்றார் ஒரு சுருதி. பாட்டுக்குழுவில் நின்ற என் அம்மா மட்டும் விடாமல் பாடி ஒரு மாதிரி முடித்துவைத்தார். அதுவரை கோயில் பாட்டுக்கெல்லாம் வாசித்து வந்த ஆர்மோனியக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி இருந்தார்.

பூசை முடிய ஐயா சுவாமியிடம் போனார்.

“நான் அப்பவே சொன்னனான் சுவாமி. உது குடிச்சுப்போட்டு ஆடுற ஆக்களின்ரை சாமான். கோயிலுக்குச் சரிவராது.”

“பாஸ்குவுக்கு ஒருக்கா வாசிக்கட்டும் மூப்பர். அப்பவும் பிழைச்சால் பிறகு நானே வேண்டாமெண்டு சொல்லுறன்” என்றார் சுவாமி.

அண்ணைக்கு மிச்சமிருந்தது அந்த உயிர்த்த ஞாயிற்றுப் பூசை ஒன்றுதான். அதற்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலத்தில் கோயிலில் வாத்தியம் கிடையாது. அந்த இடைவெளியில் கிற்றாரைச் சரிக்கட்டிவிட வேண்டும் என்று நின்றார். கடற்கரைக்குப் போய்ச் சிப்பி பொறுக்கி வந்தார். வட்டமாக வெட்டப் போனால் அது அப்பளம் மாதிரி நொறுங்கியது. தேங்காய்ச் சிரட்டையை வெட்டிப் பார்த்தார், கறுப்புப் பலகையில் அது தெரியவில்லை. கடைசியில் ஒரு நாள் பின்னேரம் வேலியடியில் வந்து நின்றார். அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, உங்களிட்டைப் பழைய சிப்பிப் பொத்தான் ஏதும் கிடக்குமோ?”

“எத்தினை வேணும்?”

“எட்டு.”

“எட்டோ! கடையிலை இப்ப பிளாஸ்ரிக்தானே தம்பி வருது. பொறும், பாப்பம்.”

அம்மாவின் பொத்தான் டின்னில் இருந்தவை முழுக்கப் பிளாஸ்ரிக். அம்மா டின்னை மூடினார். பிறகு அலுமாரியைத் திறந்து, பூச்சி உருண்டை மணக்க மணக்க, அடியில் துணி சுற்றி வைத்திருந்த ஐயாவின் கலியாணக் கோட்டை வெளியே எடுத்தார்.

மலாயாவில் உத்தியோகம் பார்த்த பெரியப்பா அனுப்பிய வெள்ளைத் துணியில் தைத்த கோட்டு அது. பொத்தானும் அவர் அனுப்பியதுதான். நல்ல தடித்த சிப்பி. ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு நட்சத்திரம் செதுக்கியிருக்கும். முன்பக்கத்தில் பெரிய பொத்தான்கள், கைகளில் சின்னவை, ஒரு கைக்கு நாலு. கலியாணத்துக்குப் பிறகு ஐயா அதைப் போட்டதை நான் கண்டதில்லை.

“கைப் பொத்தானை ஆர் பாக்கப்போகினம்?” என்று அம்மா தனக்குத்தானே சொன்னார். பழைய சவர அலகை எடுத்து நூலை ஒவ்வொன்றாக வெட்டினார். எட்டும் மடியில் விழுந்தன. பிறகு என்னைப் பார்த்தார். “ஐயாவுக்குச் சொல்லிப்போடாதை. அவருக்குக் கிற்றாரெண்டாலே பத்திக்கொண்டு வரும்.”

அம்மா ஏதோ களவு செய்கிற மாதிரி இல்லை. ஒரு பாட்டை ஒழுங்காகப் பாடி முடிக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் மாதிரித்தான் இருந்தார். அதை நான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன்.

அண்ணை அந்த வேலையைச் செய்ததை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். குடைக் கம்பியின் நுனியைக் கல்லில் தீட்டித் தட்டையாக்கி அதால் குழிகளைப் பொத்தான் அளவுக்கு அகட்டினார். நட்சத்திரம் செதுக்கிய முகம் மேடுபள்ளம் என்பதால் அதைக் கீழே வைத்து, மட்டமான முதுகுப் பக்கத்தை மேலே வைத்தார். விளாம்பிசினைக் கரைத்துக் குழிக்குள் விட்டுப் பொத்தானை அழுத்தி, மேலே கல் வைத்துக் காயவிட்டார். நூல் ஓட்டைகளில் சிப்பித் தூளையும் பிசினையும் குழைத்து அடைத்தார். காய்ந்த பிறகு அரம் போட்டு, கணவாய் ஓட்டால் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தார். கையால் தடவினால் எது பலகை, எது சிப்பி என்று தெரியாது. கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. ஒரு பக்கம் சரித்தால் ரோசா, மற்றப் பக்கம் சரித்தால் பச்சை.

ஓரிடத்தில் மட்டும் இரண்டு புள்ளிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

“இதிலை மட்டும் ஏன் ரெண்டு?”

“இந்த இடத்திலைதான் முதல் வந்த சுரம் திரும்பப் பிறக்குது பிள்ளை. அதே சுரம்தான், உயரத்திலை.”

பின்வளவு மாமி பாய் இழைத்தபடி உள்ளேயிருந்து கத்துவார்: “சோறு ஆறுது! அந்தக் கட்டையையே கட்டிக்கொண்டு கிட!” அண்ணை சிரிப்பார். ஆட்டுப் புழுக்கையும் விளாம்பிசினும் மணக்கிற அந்த முற்றம் போல ஓரிடம் எனக்கு வாழ்க்கையில் பிறகு கிடைக்கவில்லை.

இனி சிப்பிச் சிலுவை. உங்களுக்கு நினைவிருக்கும். செருசலேமில் செய்தது, முந்தைய சுவாமி ஒருவர் கொண்டுவந்தது, ஒலிவ மரத்தில் சிப்பித் துண்டு பதித்தது. சுவாமி உடுப்பு மாற்றுகிற அறையின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். பெரிய வெள்ளிக்கு மட்டும் வெளியே வரும், நாங்கள் முழங்காலில் நகர்ந்து போய் அதில் வாய் வைத்து முத்தி செய்வோம். அந்த வருடம் பெரிய வியாழனன்று ஐயா அலுமாரியைத் திறந்தார். சிலுவையைக் காணவில்லை.

பூட்டு உடைபடவில்லை. திறப்பு ஐயாவின் இடுப்பில். பெரிய வெள்ளிக்கு ஒரு மரச் சிலுவையை வைத்துச் சமாளித்தார்கள். ஆனால் முத்தி செய்துவிட்டு எழும்பின சனம் ஐயாவை ஒரு மாதிரித்தான் பார்த்தது. “திறப்பு மூப்பரிட்டைத்தானே?” என்று கிணற்றடியில் ஒருத்தி கேட்டதை நானே கேட்டேன். அது உள்ளர்த்தம் ஒன்றும் இல்லாத கேள்வி மாதிரித்தான் இருந்தது. ஐயா அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்பினார். வாழ்நாளில் முதல் தடவை அவரை யாரோ சந்தேகித்தார்கள். அவருக்கு அது தாங்கவில்லை.

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசைக்கு அண்ணை வாசித்தார். பிழை ஒன்றும் வரவில்லை. கிழக்கு வாசலால் வெயில் நேரே உள்ளே விழுந்தது. அவர் கையை ஏற்றி இறக்கும்போதெல்லாம் கழுத்தில் சிப்பிகள் மின்னின. அம்மா பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நின்று, நான் அதற்கு முன்பும் பின்பும் கேட்காத மாதிரிப் பாடினார். பூசை முடிந்து சுவாமி அண்ணையின் தோளில் தட்டினார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது ஆர்மோனியக்காரர் எல்லாருக்கும் கேட்கத்தான் கேட்டார்: “கழுத்திலை மினுங்கிறது என்ன சிப்பி? எங்கடை சிலுவையிலை கிடந்த சிப்பி மாதிரியெல்லோ கிடக்கு.”

அவ்வளவு போதும். ஒரு கிழமைக்குள் அந்தக் கேள்வி ஊர் முழுக்கப் போய்ப் பதிலாகத் திரும்பி வந்தது. நத்தாருக்குக் கிற்றாரை வைக்க அண்ணை அந்த அறைக்குள் போய் வந்தவர்தானே, சங்கக்கடையிலும் ஐயாவின் திறப்பு வளையத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்தானே. எங்கள் ஊரில் சிப்பி எல்லாருக்கும் தெரியும், கடற்கரையில் காலில் குத்துகிற சாமான். ஆனால் தேய்த்து மினுக்கின சிப்பியைச் சனம் கண்டது அந்தச் சிலுவையில் மட்டும்தான். மினுங்குகிற சிப்பி என்றால் அது சுவாமி மந்திரித்த சிலுவைச் சிப்பியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆயிரம் பேர் நம்பிவிட்டார்கள்.

வீட்டில் சாப்பிடும்போது அம்மா ஒரு தடவை முயன்றார்.

“உதுகள் சும்மா சிப்பியா இருக்கும். கடற்கரையிலை கிடக்கிறதுதானே.”

“கடற்கரைச் சிப்பியை உப்பிடி வட்டமா வெட்ட ஏலாது. உனக்கென்ன தெரியும்?” என்றார் ஐயா. அவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்திருந்தது. அம்மா கறிச் சட்டியை மூடினார். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான்.

அடுத்த ஞாயிறு சுவாமி பூசைக்கு நெடுந்தீவுக்குப் போய்விட்டார். கோயிலில் செபம் மட்டும், ஐயா சொல்லுவித்தார். முடிந்ததும் யாரையும் எழும்ப விடவில்லை. அண்ணையைக் கிற்றாரோடு முன்னுக்கு வரச்சொன்னார்.

“பொலிசுக்கு நான் போகேல்லை. ஆனா மந்திரிச்ச சாமான் வாத்தியத்திலை கிடக்கக்கூடாது. அதைக் கழட்டித் தாட்டுப்போட வேணும். சொல்லும், எங்கையிருந்து எடுத்தனீர்?”

மந்திரித்த பொருள் உடைந்தால் குப்பையில் போடக்கூடாது, எரிக்க வேண்டும் அல்லது கோயில் வளவில் குழி கிண்டித் தாழ்க்க வேண்டும். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த முறை. ஐயா முறை தவறாதவர்.

“கடற்கரையிலை பொறுக்கினனான் மூப்பர்.”

“எட்டும் ஒரே அளவிலை வட்டமாக் கிடந்ததோ?”

சனம் சிரித்தது. ஐயா கிற்றாரை வாங்கிப் பீடத்துக் கிராதியில் கிடத்தி, மடக்குக் கத்தியை விரித்தார். கத்தி வழுக்கிக் கையை வெட்டிவிடும் போலிருந்தது. அண்ணைதான் கழுத்தை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக் கொடுத்தார்.

சின்னப் பெட்டைகள் முன்னால் நிலத்தில் இருப்போம். ஐயாவின் கைக்கும் எனக்கும் இடையில் ஒரு முழம் இருக்காது. பிசின் நறுக்கென்று விட்டது. முதல் சிப்பி அவர் உள்ளங்கையில் விழுந்தது. ஐயா அதைப் புரட்டினார். நட்சத்திரம்.

ஐயாவுக்கு அந்தப் பொத்தானைத் தெரியாமல் இருக்குமா? அவரின் கலியாணக் கோட்டு, அவரின் அண்ணன் அனுப்பிய பொத்தான். அவர் உடனே கையை மூடினார். அண்ணையைப் பார்க்கவில்லை. நேரே பெண்கள் பக்கம் பார்த்தார். அம்மா எழும்பினார். பாதிதான் எழும்பினார். ஐயா பார்த்தபடியே நின்றார். அம்மா திரும்ப இருந்து, சேலைத் தலைப்பை இழுத்து முகம் மறையுமட்டும் முக்காடு போட்டுக்கொண்டார்.

பிறகு ஐயா மடியிலிருந்து லேஞ்சியை எடுத்தார். மிச்ச ஏழு சிப்பியையும் கிண்டி எடுத்து, ஒன்றையும் புரட்டாமல், லேஞ்சிக்குள் போட்டு முடிந்தார். எங்கே எடுத்தாய் என்று பிறகு கேட்கவே இல்லை.

ஆர்மோனியக்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன மூப்பர், சிலுவைச் சிப்பிதானோ?”

“ஓம்” என்றார் ஐயா.

என் ஐயா வாயிலிருந்து எத்தனையோ செபம் கேட்டிருக்கிறேன். என் காதில் நிற்பது அந்த ஒரு ஓம்தான். திறப்பு வைத்திருந்தவர் தப்பினார். களவெடுத்தவன் அகப்பட்டான். அண்ணை தலையை நிமிர்த்தி ஐயாவைப் பார்த்தார். வாயைத் திறந்து, இது உங்கடை மனுசி தந்தது என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி போதும். அவரும் பெண்கள் பக்கம் பார்த்தார், அந்த முக்காட்டைக் கண்டார், தலையைக் குனிந்துகொண்டார். சனத்துக்கு அது குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

வேப்பமரத்தடியில் குழி கிண்டி லேஞ்சியோடு தாட்டார்கள். எல்லாரும் சுற்றி நின்று பரலோக மந்திரம் சொன்னோம். நீங்களும் நின்றீர்கள், எனக்கு முகம் முகமாக நினைவிருக்கிறது. எங்கள் ஊரே சேர்ந்து ஐயாவின் கோட்டுக் கைப் பொத்தானுக்குச் செபம் சொன்னது. பின்வளவு மாமி மட்டும் கோயில் வாசற்படியில் இருந்தபடி இருந்தார். அவரோடு ஒருத்தரும் நிற்கவில்லை.

பின்னேரம் வேலிக்குள்ளால் போனேன். அண்ணை மடியில் கிற்றார் கிடந்தது. கழுத்தில் எட்டு ஓட்டைகள், ஓரமெல்லாம் கத்தி கீறிய காயம்.

“பிள்ளை, நீ ஒண்டும் காணேல்லை, என்ன?”

“கண்டனான்.”

“காணேல்லை” என்றார். “நீ கண்டதெண்டால் அம்மாவுக்குத்தான் கரைச்சல். சனம் என்ன கதைக்கும் எண்டு உனக்கு விளங்காது. விளையாடப் போ.”

அப்போது எனக்கு விளங்கத்தான் இல்லை. ஒரு கலியாணம் முடித்த பெண் புருசனின் கலியாணக் கோட்டுப் பொத்தானை ஒரு இளந்தாரிக்கு வெட்டிக் கொடுத்தாள் என்றால் ஊர் அதை எப்படிக் கதைக்கும் என்பது, எனக்கே கலியாணம் முடிந்த பிறகுதான் விளங்கியது. அந்த இருபத்திரண்டு வயதுப் பெடியன் அதை ஒரு நொடியில் விளங்கிக்கொண்டு, களவெடுத்தவன் என்ற பெயரைத் தான் எடுத்துக்கொண்டான். பெரிய மனிதர் என்று பெயரெடுத்த என் ஐயா அவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அண்ணை அதற்குப் பிறகு சங்கக்கடைக்குப் போகவில்லை. போயிருந்தாலும் ஐயா வைத்திருக்கமாட்டார். ஒரு நாள் விடிய முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். மன்னாரில் கண்டதாக ஒருவர் சொன்னார், கப்பலில் ஏறிவிட்டதாக இன்னொருவர் சொன்னார். ஊருக்குத் திரும்பி வரவே இல்லை. சிப்பிச் சிலுவை எங்கே போனது என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டில் இதைப் பற்றி ஒரே ஒரு பேச்சுத்தான் நடந்தது. அதே கிழமை, ஐயா கை கழுவிவிட்டு வந்து, துவாயால் துடைத்தபடி சொன்னார்.

“அலுமாரியிலை கிடக்கிற கோட்டுக் கைக்குப் பொத்தான் தைச்சு வை. பூச்சி அரிச்சுப்போட்டுது போலை கிடக்கு.”

“ஓம்” என்றார் அம்மா.

டின்னிலிருந்து எட்டுப் பிளாஸ்ரிக் பொத்தானை எடுத்துத் தைத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அதற்குப் பிறகு பாட்டுக்குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். தொண்டை சரியில்லை என்று கேட்டவர்களுக்குச் சொன்னார்.

உங்களில் சிலர் இந்த இடத்தில் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். அம்மாவுக்கு அந்தப் பெடியனில் ஏதும் விருப்பமோ என்று. எனக்குத் தெரியாது. பாட்டில் விருப்பம் இருந்தது, அது தெரியும். ஐயாவும் அதைத்தான் தன் மனதுக்குள் கேட்டுக் கேட்டுச் செத்திருப்பார் என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் அம்மா சொல்லியிருப்பார். கேட்பதற்கும் ஒரு துணிவு வேண்டும். ஐயா மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்தவர். அந்த மரக்கூட்டுக்குள் முழங்காலில் நின்று இதையும் சொன்னாரா, அல்லது கோபப்பட்டேன், செபத்தில் பராக்கானேன் என்பதோடு எழும்பிவிட்டாரா? ஒவ்வொரு முறை அவர் அதற்குள்ளிருந்து வெளியே வரும்போதும் நான் முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன், வேறு நல்ல சொல் ஏதும் இதற்கு இல்லை. ஊரில் இன்றைக்கும் என்னை மூப்பற்றை மகள் என்றுதான் சொல்கிறார்கள். சொல்லும்போது மரியாதையாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு முதுகு கூசும். ஐயா செய்தது எனக்கு விளங்குகிறது. பயந்தார், அவ்வளவுதான். ஆனால் ஐயாவின் ஓமை விட என் நெஞ்சில் முள்ளாகக் குத்துவது வேறொன்று. அது அம்மாவினது. அம்மாவை நான் ஐயாவை விடக் கூடக் கும்பிட்டவள் என்பதால் இதை எழுதக் கை வரவில்லை, அதனால்தான் கடைசிக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

அண்ணை போய்ச் சில நாள் கழித்து, ஒரு மத்தியானம், பின்வளவு மாமி எங்கள் குசினி வாசலுக்கு வந்தார். வேலிக்குள்ளால் வரவில்லை. ஒழுங்கையால் சுற்றி, அந்நிய ஆள் மாதிரிப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கமக்கட்டில் ஒரு சேவல். கால் இரண்டும் ஓலை நாரால் கட்டியிருந்தது. அம்மா அடுப்படியில் இருந்து எழும்பினார்.

“தங்கச்சி, மூப்பற்றை முகத்திலை முழிக்க எனக்கு ஏலாது. அதுதான் அவர் இல்லாத நேரமாப் பாத்து வந்தனான்.”

“இருங்கோ அக்கா.”

“இருக்கேல்லை. என்ரை பிள்ளை ஆண்டவற்றை சிலுவையிலை கை வைச்சிட்டான். நான் எப்பிடி வளத்தனான் எண்டு உமக்குத் தெரியும். ஒரு பனங்கிழங்கு கூட ஆற்றையும் வளவிலை கேளாமல் எடுக்க விட்டதில்லை. அவனிட்டைக் கேட்டுப் பாத்தன், அடிச்சும் பாத்தன். எடுக்கேல்லை எண்டுகூட அவன் சொல்லேல்லை தங்கச்சி. வாயே திறக்கேல்லை. அப்ப எடுத்தவன்தானே?”

அடுப்பில் உலை கொதித்தது. நான் அம்மாவின் பின்னால் நின்றேன். இப்போது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். வீட்டில் வேறு ஒருத்தரும் இல்லை. ஒழுங்கையில் ஆள் இல்லை. அந்த ஒருவரின் காதில் மட்டும், மெல்லமாக, உன் பிள்ளை எடுக்கவில்லை என்று சொன்னால் போதும்.

பின்வளவு மாமி சேவலை நிலத்தில் வைத்துவிட்டு அம்மாவின் இரண்டு கையையும் பிடித்தார். பாய் இழைத்துப் பிளந்த விரல்கள்.

“மூப்பருக்கு நீர் சொல்லும். நீரும் என்ரை பிள்ளையை மன்னிக்க வேணும். உம்மடை வாயாலை ஒருக்கா மன்னிச்சம் எண்டு சொல்லும், நான் போறன்.”

“மன்னிச்சிட்டம் அக்கா” என்றார் அம்மா. “அழாதையுங்கோ. போட்டு வாங்கோ.”

மாமி கும்பிட்டுவிட்டுப் போனார். பிறகு அவர் எத்தனையோ வருடம் எங்கள் பின்வளவில் இருந்தார். தன் மகன் சிலுவையைத் திருடினவன் என்று நம்பியபடிதான் செத்தும் போனார்.

அம்மா படலை சாத்துகிற சத்தம் கேட்குமட்டும் நின்றார். பிறகு சேவலைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

ஐயா சாப்பிட வந்ததும் சட்டியைப் பார்த்தார்.

“கோழி ஏது?”

“பின்வளவு அக்கா கொண்டுவந்து தந்தவ. மன்னிப்புக் கேக்க வந்தவ.”

ஐயாவின் கை சோற்றுக் கோப்பையில் நின்றது. நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். குழம்பு கமகமவென்று மணத்தது, அம்மா கைப்பக்குவம் அப்படி. ஐயா சோற்றில் குழம்பை விட்டுக் குழைத்து ஒரு வாய் வைத்தார்.

“கோழிக்காலைப் பிள்ளைக்குப் போடு” என்றார்.

அம்மா போட்டார். நான் சாப்பிட்டேன்.